பிளெஸ்ஸி திருப்பதியில் நல்லபடியாக மரித்த விவரம்

சித்தூர்,
திங்கட்கிழமை.

மிகுந்த மரியாதைக்குரிய அக்கா கிருபாபாய் அவர்களுக்குத் தம்பி அசரியா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் என் வீட்டுக்காரியும் மகள் பிளெஸ்ஸியும் சுகம். பலமனேரில் தாங்களும் மாமாவும் கறவை மாடுகள் மூன்றும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். 'பிளெஸ்ஸியும் சுகம்' என்ற இடத்தைத் தாங்கள் இன்னொரு தடவை வாசித்துக்கொள்ளவும். நேற்று போனில் தாங்கள் அழுத அழுகையில் "அக்கா" என்பதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கடைசியில் பிளெஸ்ஸியே வந்து "அத்தே, நான் உயிரோடதான் கீறேன்" என்று சொன்ன பிறகுதான் நம்பினீர்கள். நம்பிய கையோடு, "அப்ப எதுக்குடா சபையில அப்படி எழுதிக் குடுத்தே, கழுதே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். கழுதையின் பதில் கீழே.

'தாங்கள்' இவ்வளவு போதும் அக்கா, இனி 'நீ'தான். தப்பு என்னுடையதுதான். பிளெஸ்ஸி பதினோரு வருஷமாக ஸ்ரீதேவி டீச்சரிடம் பாலே கற்றுக்கொள்வது உனக்குத் தெரியும். பாலே என்றால் கால்விரல் நுனியில் நின்று ஆடுவது. நானோ எட்டாவதோடு நிறுத்திவிட்டு போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கிறவன், அவள் ஒற்றைக் காலில் நின்று சுற்றும்போதெல்லாம் பேரிங் சூடாகிவிடுமே என்றுதான் என் புத்தி போகும். போன சனிக்கிழமை சாயந்திரம் திருப்பதியில் பெரிய ஹாலில் நாட்டியம். கதை இதுதான்: பனி பெய்கிற ஊரில் மணிக்கூண்டு காவல்காரனுக்கு ஒரே மகள், அவள் ஒரு சிப்பாயை விரும்புகிறாள், அவன் சண்டைக்குப் போய் அங்கிருந்து கடுதாசி போடுகிறான், தகப்பன்காரன் எல்லாவற்றையும் ஒளித்துவைக்கிறான், அவன் செத்துவிட்டான் என்று நினைத்து அவள் உருகி உருகிக் கடைசியில் அவன் திரும்பி வருகிற அன்றைக்கு அவன் மடியிலேயே செத்துப்போகிறாள். மகள் வேஷம் நம் பிளெஸ்ஸிக்கு. பெங்களூரிலிருந்து ஒரு நாட்டியக் கம்பெனி மாஸ்டர் பார்க்க வருகிறார், பிடித்திருந்தால் இரண்டு வருஷம் அங்கேயே தங்கவைத்துப் பயிற்சி கொடுத்துக் கம்பெனியில் சேர்த்துக்கொள்வார் என்று டீச்சர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. தேர்ந்தெடுத்தால் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும், தேர்ந்தெடுக்காவிட்டால் வீட்டில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் எனக்குத் தெம்பு இல்லை.

சிப்பாயாக ஆடுகிறவன் ஹரிபிரசாத், செல்போன் கடையில் வேலை. அவன் பிளெஸ்ஸியைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். ஆளைப் பார்த்தால் செல்போனே கனம் என்பான் போலிருந்தது. கீழே போட்டுவிட்டால் என்ன செய்வது என்று தினமும் நாலு அவித்த முட்டை கொடுத்தனுப்பினேன். ஒரு மாதம் கழித்து டீச்சர் கூப்பிட்டு, "அண்ணா, முட்டைய நிறுத்துங்க. அவனுக்குத் தச்ச சட்டையில பட்டன் போட முடியல" என்றார்கள்.

பிளெஸ்ஸிக்கு ஆடுவதில் கவலையே இல்லை, சாவதில்தான். "நைனா, எல்லாம் சரியா வருது, சாவறது மட்டும் வரல. மூச்சு வுடறது தெரியுதுன்னு டீச்சர் திட்டிக்கினே கீறாங்க" என்று ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு, கூடத்தில் பாயைப் போட்டுச் செத்துச் செத்துப் பழகினாள். அந்த நினைப்பிலேயே நாட்டியத்துக்கு முந்தின ஞாயிறு கோயிலுக்குப் போனவன் அவசரத்தில் ஜெபக்குறிப்பு எழுதிப் பெட்டியில் போட்டேன். பாஸ்டர் ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்: "என் மகள் பிளெஸ்ஸி வரும் சனிக்கிழமை சாயந்திரம் திருப்பதியில் மரிக்கிறாள். நல்லபடியாக மரிக்கச் சபையார் ஜெபிக்கவும்." சபை முழுக்கத் திரும்பி, மூன்றாம் வரிசையில் ரிப்பன் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிளெஸ்ஸியைப் பார்த்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் யாரோ பாதியைக் கேட்டுக்கொண்டு போய்விட்டார்கள், அதுதான் ஒரு வாரம் சுற்றி நேற்று பலமனேருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

விளக்கம் கேட்ட பிறகு வேறு தொல்லை. "நம்ம சபைப் பொண்ணு சாவறா, நாம போவாம இருக்கிறதா?" என்று பாடகர் குழுத் தலைவர் ஆண்ட்ரூ அண்ணன் வேன் பிடித்துவிட்டார். நாற்பது பேர், புளிச்சோறு, சுத்துமுறுக்கு, இரண்டு கைக்குழந்தை. திருப்பதி ஹால் வாசல்வரை நல்ல பிள்ளைகளாகத்தான் வந்தார்கள்.

நாட்டியம் நன்றாகத்தான் போயிற்று அக்கா. ஹரிபிரசாத் தூக்கினபோது நான் மட்டும் எழுந்து இரண்டு கையையும் ஏந்தி நின்றேன், பின்னாலிருந்தவர் "கூச்சோண்டி" என்று தெலுங்கில் அதட்டி உட்காரவைத்தார். கடைசியில் தெர்மோகோல் பனி கொட்டியது, பிளெஸ்ஸி அவன் மடியில் சாய்ந்தாள், கை தரையில் விழுந்தது, பாட்டு நின்றது. ஹால் முழுக்க நிசப்தம். அங்கேதான் வினை. நம் ஜனத்துக்குச் சாவு என்றால் மௌனம் ஆகாது என்று உனக்குத் தெரியாதா? உயிர் போன அடுத்த நிமிஷம் யாராவது ஒருவர் கீர்த்தனையை எடுக்க வேண்டும், மற்றவர்கள் எழுந்து கூடப் பாட வேண்டும். யாரோ எடுத்தார்கள். நாற்பது பேரும் எழுந்துவிட்டார்கள். நாலு குரல் பிரித்து, நாலு சரணமும், ஒன்றுகூட விடாமல். பக்கத்திலிருந்தவர் இதுவும் புரோகிராமில் உண்டா என்று கேட்டார், நான் உண்டு என்று சொல்லிவிட்டேன். திரை இழுக்கும் கங்கையா துண்டை இடுப்பில் கட்டிக் கைகூப்பி நின்றுவிட்டார், திரை இழுக்கவே மறந்துபோனார். அத்தனை நேரமும் பிள்ளை செத்துக்கொண்டே கிடந்தாள்.

பெங்களூர் மாஸ்டர் சிரிப்பை அடக்குகிறவர் போலக் கர்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். பிளெஸ்ஸி வேனில் ஜன்னல் பக்கம் திரும்பினவள் சித்தூர் வரை திரும்பவில்லை. என் வீட்டுக்காரி, "பதினோரு வருஷம் ஆடுச்சு, நாலு சரணத்துல முடிச்சிட்டீங்க" என்றாள். எல்லோரும் ஆண்ட்ரூ அண்ணனைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பாவம், காது மந்தம், "நானா எடுத்தேன்?" என்று இரண்டு தடவை கேட்டார், மூன்றாவது தடவை அவரே ஒத்துக்கொண்டு வீடு வீடாக மன்னிப்புக் கேட்கிறார்.

ஆகவே பெங்களூர் கதை முடிந்தது. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி என்று எழுதினால் நீ என்னை அடிப்பாய், எழுதிவிட்டேன். நீ வந்து ஒரு வாரம் இருந்து பிள்ளையைத் தேற்ற வேண்டும். நீ முன்பு சொன்ன அந்த வரன், பால் சொசைட்டியில் வேலை செய்கிற பையன், அவன் போட்டோவையும் எடுத்துவா. அவளிடம் நீதான் பேச வேண்டும், என் வாயில் வராது.

மாமாவுக்கு என் ஸ்தோத்திரம். மாடுகளுக்கும் உனக்கும் ஒரு குறையும் வராமல் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
உன் தம்பி கழுதை,
அசரியா.

பி.கு.: கடிதத்தை ஒட்டின பிறகு பிரித்து எழுதுகிறேன். வர வேண்டாம். போட்டோவும் வேண்டாம். காலையில் டீச்சர் ஓடிவந்தார்கள். மாஸ்டர் கர்சீப் வைத்தது சிரிப்புக்கு இல்லையாம், அழுகைக்காம். "நாற்பது பேர் எழுந்து நின்று பாடியும் இமைகூட அசைக்காமல் கிடந்தாளே, அந்தப் பெண் எனக்கு வேண்டும்" என்று செய்தி அனுப்பியிருக்கிறார். பிளெஸ்ஸி கேட்பதற்கு முன்பே டீச்சர் நீட்டின சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த திங்கள் காலை ஒன்பது மணிக்கு எங்கள் பெங்களூர் பஸ் பலமனேரில் நிற்கும், பால்கோவாவோடு வந்து நில், அழாதே.

இன்னொன்று. இதை வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை, ஆண்ட்ரூ அண்ணனிடம்கூட. பாட்டை எடுத்தது நான். நடிப்பு என்று எனக்குத் தெரியாதா, வீட்டில் பாயைப் போட்டு அவள் நூறு தடவை செத்ததைப் பார்த்தவன்தானே. ஆனால் அன்றைக்கு அவள் நெஞ்சு ஏறி இறங்கவில்லை, அக்கா.