வெள்ளைப் பேனரில் அக்கா

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தவனைக் கொஞ்ச நாளைக்குக் கல்யாண வீட்டுப் பக்கம் விடக்கூடாது. நான் கொழும்பில் டிசைன் கோர்ஸ் முடித்துவிட்டு, பதுளைக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பிய வாரம்தான் அக்காவுக்குக் கல்யாணம்.

அப்போது நான் ஓர் எழுத்துருவைக் காதலித்துக்கொண்டிருந்தேன். (ஆளைக் காதலித்திருந்தால் சேதம் குறைந்திருக்கும்.) வட்டமும் நேர்கோடும் மட்டும்தான். எங்கேயும் கோடு தடிக்காது, எந்த நுனியிலும் வளைவு நெளிவு கிடையாது. வரவேற்பு பேனரை அதிலேயே செய்தேன். வெள்ளைப் பின்னணியில் அக்கா, மாப்பிள்ளை இருவரின் கறுப்பு வெள்ளைப் படம். கீழே மெல்லிய கறுப்பில் இரண்டு பெயர், ஒரு தேதி. ‘திருமணம்’ என்ற சொல் இடத்தை அடைக்கிறது என்று அதையும் எடுத்துவிட்டேன்.

அப்பா பார்த்துவிட்டு, “கொஞ்சம் செவப்பு போட்டா என்னப்பா?” என்றார்.

“வெள்ளை எடம்தாம்ப்பா டிசைனே.”

அதோடு விட்டுவிட்டார். படித்த பிள்ளை மேல் அவ்வளவு நம்பிக்கை.

பதுளை டவுனில் பேனர் அடிக்கும் கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “எப்ப தம்பி எடுக்குறீங்க?” என்றார் மெதுவாக.

“நாளைக்குக் காலையில, நானா.”

என் கையை இரண்டு கைகளாலும் பிடித்து அழுத்தினார். நல்ல டிசைனைக் கண்டால் மனிதர்கள் இப்படித்தான் நெகிழ்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். (அவர் கேட்டது பிரேதம் எடுக்கும் நேரத்தை.)

கல்யாணத்தன்று தோட்டத்துப் பாதை திரும்பும் முடக்கில் பேனரைக் கட்டினேன். பூனாகலையிலிருந்து மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் பஸ்ஸில் முன்னால் வந்துவிட்டார்கள். பின்னால் வந்த மாப்பிள்ளையின் கார் எல்ல டவுனில் டயர் வெடித்து நின்றது யாருக்கும் தெரியாது. அவருடைய போனுக்கும் லைன் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பாதையோரம் வெள்ளையில் கறுப்பாகப் படமும் பெயரும் தேதியும் தொங்கினால் அர்த்தம் ஒன்றுதான். மாப்பிள்ளையின் அத்தை பஸ்ஸை நிறுத்தி இறங்கி, நெஞ்சில் அடித்துக்கொண்டே எங்கள் லயத்து வீட்டுக்கு ஓடி வந்தார். “என் ராசா, தாலி கட்டுற அன்னைக்கா போவ?”

பாதி அலங்காரத்தில் இருந்த அக்கா வெளியே பாய்ந்தாள். அவளைக் கண்டதும் அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நீ இருக்கியாம்மா?”

“நான் இருக்கேன். அவருக்கு என்னா ஆச்சு?”

“அது கல்யாண பேனருதாங்க,” என்றேன்.

“அப்ப மாப்ள எங்கடா?” என்றார் மாமா ஒருவர்.

வேட்டியெல்லாம் கிரீஸோடு மாப்பிள்ளை வந்து சேரும்வரை அக்கா வாசலை விட்டு நகரவில்லை. கண்ணில் தீட்டிய மையெல்லாம் கன்னத்துக்கு இறங்கியிருந்தது. அவரைப் பார்த்து அழுது முடித்த பிறகு என் பக்கம் திரும்பி, “ஒரு பூவாச்சும் போட்டிருக்கலாமேடா,” என்றாள். அப்பா தானே முடக்குக்கு இறங்கிப்போய்ப் பேனரை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்தார். திட்டியிருந்தாலாவது தலை நிமிர்ந்திருப்பேன்.

போன மாதம் என் கல்யாணப் பத்திரிகையை அந்த அத்தையிடம் கொடுத்தேன். மஞ்சள், சிவப்பு, குத்துவிளக்கு, யானை, எழுத்துக்கு எழுத்து பூ. அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இதுல ரெண்டு பேரும் உசுரோடதான இருக்கீங்க, தம்பி?”