டைகர் பதில் சொல்லவில்லை

மேரி அக்கா. பாக் மாட். தவுக்கே. டைகர். நான். பெரட்டு அண்ணே.

காலையில் புகைவீட்டு வாசலில், தரையில் போட்ட வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, இத்தனை பேர் நிற்போம். மேரி அக்கா கணக்கு எழுதுகிறவர். பாக் மாட் வேன் ஓட்டுகிறவர். தவுக்கே சீன முதலாளி. டைகர் நாய். நான் கயிறு இழுக்கிறவன். பெரட்டு அண்ணே எங்களை அங்கே நிற்க வைத்தவர்.

அவரைப்போல் மனுஷனைக் களைத்துப் போகச் செய்தவர் பேராக் மாநிலத்தில் வேறு யாரும் இல்லை. நான் சிலிம் ரிவர் தோட்டத்தில் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டியிருக்கிறேன். லூமுட்டில் மீன் பெட்டி தூக்கியிருக்கிறேன். அதெல்லாம் உடம்பு வலி. தூங்கினால் போய்விடும். இவர் கொடுத்த களைப்பு தூங்கி எழுந்தாலும் அங்கேயே இருக்கும்.

எழுபதுகளின் கடைசி அது. மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். ஆட்கள் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட புகைவீடு மட்டும் நின்றது. சுவர் அத்தனை கனம். அதைத் தவுக்கே வாடகைக்கு எடுத்தார்.

உள்ளே ஒரு காரீயப் பானை. அதற்குள் மாத்திரை அளவில் ஒரு சாமான். பானைக்கு ஒரு காரீய மூடி. மூடியைத் தூக்கினால் கண்ணுக்குத் தெரியாத கதிர் நேர்க்கோட்டில் பாயும். அதைத்தான் பீம் என்போம். ஈயச் சுரங்கங்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் கதிர் அளக்கிற மீட்டர்கள் வரும். பீமுக்கு முன்னால் வைத்து, மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்போம். அந்தக் காலத்தில் ஷீட் ஏற்றிப்போன தள்ளுவண்டியும் தண்டவாளமும் அப்படியே இருந்தன. மீட்டரை அதில் உட்கார வைத்து, வெளியிலிருந்து கயிற்றால் முன்னே இழுப்பேன், பின்னே விடுவேன். இன்னொரு கயிறு மூடிக்கு. மேரி அக்கா சுவர் ஓட்டையில் கண்ணாடி வைத்து முள்ளைப் பார்த்து எழுதுவார்.

உள்ளே ஆள் இருந்தால் பீம் ஆளையும் விடாது. சுடாது, வலிக்காது. பிறகுதான் தெரியும்.

அதனால் மூடியைத் திறக்குமுன் எல்லாரும் வெளியே இருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் எட்டிப் பார்ப்பார்கள். இவர் பெரட்டு எடுப்பார்.

பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலையில் பேர் கூப்பிடுவது. எனக்குத் தெரியும். ஒருமுறை காய்ச்சலில் பிந்தி ஓடினேன். பேர் கூப்பிடுகிற கிராணி என் பேரைத் தாண்டிப் போயிருந்தார். என் மரத்தை வேறொருவன் வெட்டப் போய்விட்டான். தோட்டம் நிற்கவில்லை.

"மேரி!"

"இருக்கேன்."

"பாக் மாட்!"

"அடா."

"தவுக்கே!"

"அடாலா, அடாலா! என் கடை, நான் இல்லாம எங்க போவேன்?" அடா என்றால் மலாயில் இருக்கேன் என்று அர்த்தம். தவுக்கேவின் அப்பா தோட்டத்தில் கருவாட்டுக் கடை வைத்திருந்தவர். மகன் எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார்.

"டைகர்!"

நாய் ஒரு குரல் குரைக்கும். தூக்கத்தில் இருந்தால் எழுந்து குரைக்கும்வரை நிற்க வேண்டும்.

"முனியா!"

"இருக்கேண்ணே."

கடைசியில் அவரே உரக்க, "நான்!" என்பார். அவரே, "இருக்கேன்," என்று பதிலும் சொல்வார். பிறகு, "ஆறு. தொறக்கலாம்." இடுப்பு அரைஞாணில் தொங்கும் சாவியை எடுத்து மூடிக் கயிற்றின் பூட்டைத் திறப்பார்.

மீட்டர் மாற்றக் கதவைத் திறந்தால் மறுபடி பெரட்டு. காலையில் ஐந்து மீட்டர் என்றால் ஐந்து பெரட்டு. எல்லாருக்கும் தொண்டை கட்டும். ஒருநாள் மேரி அக்கா வாயில் கறிப்பாப் பலகாரத்தை வைத்துக்கொண்டு "ம்ம்" என்றார்.

"ம்ம்னு மாடுதான் சொல்லும். முழுங்கிட்டுச் சொல்லு."

"என்னைய மாடுங்கறீங்களா?"

"மாடா இருந்தா அதையும் பேர்ல சேத்துருவேன். எனக்குப் பதிலு வரணும்."

வெளியிலும் விடமாட்டார். மேரி அக்கா மகள் கல்யாணத்தில் மாதா கோயில் படியில் குடும்பத்தையே நிறுத்திப் படம் எடுக்கப் போனார்கள். கேமராக்காரர் விரலை வைத்துவிட்டார். இவர் குறுக்கே போய் நின்றார்.

"இருப்பா. வெளிச்சம் அடிக்கிற சாமான். யாரு முன்னால நிக்கிறா, யாரு நிக்கலன்னு பாக்க வேணாமா?"

மாப்பிள்ளை பேரைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை திகைத்து, "இருக்கேன்," என்றார். பெண்ணும் சொன்னாள். இதுவும் சடங்கில் ஒன்று போலிருக்கிறது என்று பாதிரியார் கைகட்டி நின்று தன் பேருக்குக் காத்திருந்தார். அந்தப் படத்தில் எல்லாருக்கும் வாய் திறந்திருக்கும்.

சாவியைப் பிடுங்கிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். தவுக்கே அந்தச் சாவியைத் தொடவே மாட்டார். தொட்டால் பிள்ளை பிறக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவருக்கு ஏழு பிள்ளைகள். எட்டாவதுக்கு ஆசை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய ஈயச் சுரங்கத்திலிருந்து ஒரு பெட்டி நிறைய மீட்டர் வந்தது. அன்று மாலை நாலு மணிக்குள் ஈப்போ ஆபீசில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அவர்கள் மீட்டர் எல்லாம் இனி எங்களுக்கு. இல்லையென்றால் கோலாலம்பூருக்கு.

தவுக்கே எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "கேட்டுக்கோங்க. இது கெடச்சா கடை நிக்கும். கெடைக்கலன்னா மூடிருவேன். வெளையாட்டு இல்லலா."

நான் அப்போதுதான் ஈப்போ புந்தோங்கில் வாடகைக்கு வந்திருந்தேன். மகளை அந்த வருஷம் பள்ளியில் சேர்த்திருந்தோம். திரும்பிப் போகத் தோட்டம் இல்லை.

முதல் மீட்டரை வண்டியில் வைத்தோம். கதவைச் சாத்தினோம். வரிசையில் நின்றோம்.

"மேரி!" "இருக்கேன்." "பாக் மாட்!" "அடா." "தவுக்கே!" "அடா! சீக்கிரம்லா!"

"டைகர்!"

சத்தம் இல்லை.

"டைகர்!"

இல்லை. அண்ணே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். சாவியை எடுக்கவில்லை.

டார்ச் எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தோம். மேல் பரண், வண்டிக்கு அடி, பழைய அடுப்புக் குழி. நாய் இல்லை.

"பாத்தாச்சுலா! உள்ள இல்ல!" என்றார் தவுக்கே.

"நான் பாத்தேன். அது பதில் சொல்லல."

"உள்ள இல்லன்னா வெளிய இருக்கு!"

"வெளிய இருந்தா கூப்பிட்டதும் கொரைக்கும்."

பாக் மாட் வேனில் தேடப் போனார். மேரி அக்கா தோட்டத்துப் பக்கம் போனார். நான் ஆற்றோரம் போனேன். வெயில் ஏறியது. ஒருவர்பின் ஒருவராக வெறுங்கையோடு வந்து சேர்ந்தோம். தவுக்கேவை மட்டும் காணோம்.

அப்போது தண்ணீர் டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு குரைப்பு வந்தது. நல்ல குரைப்பு. மேரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணே தலையைச் சாய்த்துக் கேட்டார். "இது தவுக்கே. அவரு பதிலு முன்னாலயே வந்துருச்சு."

டிரம்முக்குப் பின்னாலிருந்து தவுக்கே எழுந்தார். முழங்காலில் சேறு. சீன மொழியில் சொன்னதை எழுத முடியாது.

மணி இரண்டு தாண்டியது. நான் வாயைத் திறந்தேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை.

"அண்ணே, நாயிதானே. பேர அடிச்சிருங்க. எனக்குப் புள்ள இருக்கு."

அவர் என்னைத் திட்டவில்லை.

"நானா சேத்த பேரு அது, முனியா. இன்னைக்கு வேல முக்கியம்னு அத அடிச்சா, நாளைக்கு நீ வரலன்னாலும் வேல முக்கியமாத்தானே இருக்கும்?"

"நான் மனுசன்ணே."

"தோட்டத்துல நம்மள அப்படியா எழுதுனாங்க?"

எனக்குக் கோபம்தான் வந்தது. போய் ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்தேன்.

நாலு மணி ஆனது. தவுக்கே கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார்.

ஐந்தரைக்கு டைகர் வந்தது. எங்கேயோ கம்பத்தில், மலாய்க்காரர் கிராமத்தில், விருந்து நடந்திருக்கிறது. வாயில் கோழிக்கால். வயிறு தரையைத் தொட்டது. எங்களைப் பார்த்து வாலை ஆட்டியது. தவுக்கே செருப்பைக் கழற்றினார். எறியத் தெம்பில்லை. மறுபடி போட்டுக்கொண்டார்.

எங்களை மறுபடி வரிசையில் நிறுத்தி, மேரியிலிருந்து கூப்பிட்டு வந்து, "டைகர்!" என்றார் அண்ணே.

கோழிக்காலைக் கீழே வைத்துவிட்டு ஒரு குரல் குரைத்தது.

"முனியா!"

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். வாய் தானாகச் சொன்னது. "இருக்கேண்ணே."

"நான்! இருக்கேன். ஆறு. தொறக்கலாம்."

திறந்தோம். பெட்டியில் இருந்த மீட்டர் அத்தனையையும் இருட்டுவதற்குள் பார்த்து முடித்தோம். எல்லாம் சரியாகவே காட்டின. யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அந்த மாதக் கடைசியில் தவுக்கே கடையை மூடினார். பானையை லாரி வந்து ஏற்றிப்போனது. அண்ணே டைகரைக் கூட்டிக்கொண்டு தஞ்சோங் மாலிம் பஸ் ஏறினார். கண்டக்டரோடு ஏதோ தகராறு. ஜன்னல் வழியாக உள்ளே பேர் கேட்கிற சத்தம் வந்தது. அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

கோபம் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு ஒரு மரப்பட்டறையில் வேலை கிடைத்தது. பெரிய ரம்பம். காலையில் யார் வந்தார், யார் வரவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். மணி அடிக்கும், ரம்பம் சுற்றும். ஒருநாள் ரம்பத்துக்கு அடியில் மரத்தூள் அள்ளிக்கொண்டிருந்தேன். நான் அங்கே இருப்பது தெரியாமல் ஓட்டிவிட்டார்கள். குனிந்திருந்ததால் தப்பினேன். சட்டைதான் கிழிந்தது. வெளியே வந்து உட்கார்ந்தபோது எனக்கு அந்த நாய் ஞாபகம் வந்தது. வேலை நின்ற அந்த நாள் முழுக்க ஞாபகம் வந்தது. என் வாழ்நாளில் ஒரு பேர் குறைகிறது என்று வேலை நின்றது அன்று மட்டும்தான்.

இப்போது அதே பட்டறையில் கதவு பூட்டுகிற வேலை பார்க்கிறேன். உள்ளே யாரும் இல்லை என்று தெரியும். இருந்தாலும் சாவியைப் போடுமுன் மெதுவாகச் சொல்வேன். மேரி. பாக் மாட். தவுக்கே. டைகர். முனியா. கடைசியில் அவர் பேர். அது என்ன பேர் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அவர் சொன்ன மாதிரியே "நான்" என்பேன். அவருக்காக, "இருக்கேன்," என்பேன்.

ஆறு.