மூடி போட்டாலும் பூஜ்யம்

மனிதகுலம் இதுவரை படைத்தவற்றில் தவறே செய்யாத பொருள் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் வானாய்வகத்தில் இருக்கிறது. அதற்குத் தரச்சான்றிதழ் எழுதியவன் அடியேன்.

அது ஒரு சின்ன கேமரா. பெரிய தொலைநோக்கியின் முதுகில் தொற்றிக்கொண்டு, ஏதாவது ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து, "இம்மி விலகிவிட்டாய், திரும்பு" என்று வழிசொல்வது அதன் உத்தியோகம். மூன்று இரவுகள் அது தந்த அறிக்கை: 'பிழை: பூஜ்யம்.' இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார். நாங்களும் நின்றோம்.

ஆய்வு மாணவி மட்டும் உட்கார்ந்திருந்தாள். அந்த மூன்று இரவுகளில் அவளுடைய நட்சத்திரத்தின் நிறமாலை பதிவாகியிருக்க வேண்டும். பதிவானது வெறும் இருட்டு.

"சார், அது நட்சத்திரத்தையே பார்க்கல. கேமராவுக்குள்ள ஒரு புள்ளி கெட்டுப்போய் எப்பவும் மின்னிக்கிட்டே இருக்கு. அந்தப் புள்ளி நகராது; அதையே நட்சத்திரம்னு பார்த்துக்கிட்டு இருந்திருக்கு. தொலைநோக்கி அது பாட்டுக்கு நகர்ந்து போயிருச்சு. மூடியைப் போட்டும் பார்த்தேன். அப்பவும் பூஜ்யம்!"

"மூடி போட்டும் பிழையில்லையா?" இயக்குநர் நெகிழ்ந்துபோனார். "அதையும் சான்றிதழ்ல சேருங்கய்யா!"

சேர்த்தேன்.

அவள் விடவில்லை. ஒரு வாரத்தில் அந்த நட்சத்திரம் சூரியன் பக்கம் போய் மறைந்துவிடும். திரும்பிவர அரை வருடம். ஆய்வேட்டுக்கோ நான்கு மாதம்தான் பாக்கி. எங்கெங்கோ கெஞ்சி, 'நேரச்சு வழிகாட்டி' ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். ஆராயும் நட்சத்திரத்தின் ஒளியிலேயே ஒரு பங்கைப் பிரித்து, அதையே பார்த்து வழிசொல்லும் கருவி. மாட்டிய அன்றே நிறமாலையில் நாலு கோடு தெரிந்தது. அறிக்கையில் 'பிழை: இரண்டு' என்பதும் தெரிந்தது.

அவசரக் கூட்டம் கூடியது.

"இத்தனை நாள் இல்லாத பிழை, இது வந்ததும் எப்படிம்மா வந்துச்சு?"

"பிழை எப்பவும் இருந்துச்சு சார். இதுக்குக் கண்ணு தெரியுது, சொல்லுது. சொன்னாத்தானே திருத்த முடியும்?"

"நேத்து வந்துட்டு, நம்மளையே குறை சொல்லுதா?"

கருவியைக் கழற்ற வேண்டும் என்போர் கை தூக்கலாம் என்றார் இயக்குநர். ஒன்பது கைகள்.

வாசலில் என்னை மறித்தாள். "மூடி போட்டப்ப டார்ச் பிடிச்சதே நீங்கதானே சார். நீங்களும் ஏன் கையைத் தூக்குனீங்க?"

தரச்சான்றிதழ் எழுதுபவன் பொய் சொல்லலாகாது. உண்மையைச் சொன்னேன். கூட்டத்தில் நான் அவளையும் பார்க்கவில்லை, கருவியையும் பார்க்கவில்லை. மற்ற எட்டுக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை எழுந்த உயரத்துக்கு என் கையும் எழுந்தது.

பிழை: பூஜ்யம்.