ஒரு பாவு, மூணு வெப்சைட்

இன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான் மக்களே. பிள்ளையார்பாளையம் போய், ஏகாம்பரம் மாமாவுக்கு நான் செஞ்ச வெப்சைட்டைக் காட்டணும். அவர் "நல்லாருக்குது"ன்னு சொல்லணும். அதையே என் அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லணும். நான் வீட்டுக்கு வந்து தயிர்சாதம் சாப்பிடணும்.

இதுல தயிர்சாதம் மட்டும்தான் திட்டப்படி நடந்துச்சு.

நடுவுல அக்கா எதுக்குன்னு கேப்பீங்க. லேப்டாப் அவளோடது. ஸ்ரீபெரும்புதூர்ல வேலைக்குப் போறா. கம்பெனியில புதுசு குடுத்துட்டாங்க, பழசு என் மடியில இருக்குது. அதுக்கு அவ போட்ட கண்டிஷன் இது:

"யாமினி, ஒரே ஒரு கிளையண்ட் எனக்குப் போன் பண்ணி, 'உன் தங்கச்சி உருப்படியா செஞ்சுக் குடுத்தா'ன்னு சொல்லட்டும். லேப்டாப் உனக்கு. இந்த வாரத்துக்குள்ள போன் வரலைன்னா சனிக்கிழமை அதை வித்துடுவேன். நீ வேலை செய்யறியா, இல்ல ஊர்ல இருக்கறவங்க குரல்ல எல்லாம் பேசி ரெக்கார்டு பண்ணிக்கினு இருக்கியான்னு எனக்குத் தெரியணும்."

ரெண்டும்தான் செய்யறேன். அதை அவகிட்ட சொல்லலை.

ஏகாம்பரம் மாமா என் முதல் கிளையண்ட். வீட்டுக்குள்ளயே தறி, முன் ரூம்ல பட்டுச்சேலைக் கடை. பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூக்கால ஒரு "ஹ்ம்ம்ம்" விடுவார். தூரத்துல பஸ் ஸ்டார்ட் ஆகற மாதிரி இருக்கும். அதைக் கேட்ட அன்னைக்கே கண்ணாடி முன்னாடி நின்னு பழகிட்டேன்.

முதல் கிளையண்ட் ஆச்சே, நியாயமா நடக்கணும்னு மூணு நிபந்தனை எழுதி வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ஒண்ணு, வேலை தொடங்கறதுக்கு முன்னாடி பாதிக் காசு. ரெண்டு, மாத்தித் தர்றது ரெண்டு தடவைதான். மூணு, ராத்திரி பத்து மணிக்கு மேல "பாப்பா முழிச்சிருக்கியா"ன்னு மெசேஜ் கூடாது.

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்துச்சு. கூடவே ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங்.

நான் பூரிச்சுப் போயிட்டேன். பேரம் இல்ல, இழுபறி இல்ல! இவ்ளோ சுலபமா ஒத்துக்கறாரே, எங்கயோ இடிக்குதேன்னு எனக்குத் தோணியிருக்கணும். தோணலை. நான் ஏற்கனவே விசிட்டிங் கார்டுக்குக் கலர் தேடிக்கினு இருந்தேன்.

சரி, இன்னைக்குக் கதைக்கு வரேன். போனேன், செருப்பைக் கழட்டினேன், லேப்டாப்பைத் திறந்தேன். உள் ரூம்ல தறி தடக் தடக்னு ஓடிக்கினு இருந்துச்சு. மாமா கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிப் பார்த்தார். படம் படமாத் தள்ளினார். திரையில இருந்த முந்தானையை விரலால தடவி ஜரிகை கூட சோதிச்சார்.

"ஹ்ம்ம்ம். நல்லாருக்குது பாப்பா."

அவ்ளோதான்! எனக்கு அங்கேயே ஆடணும் போல இருந்துச்சு. "அப்ப அக்காவுக்கு ஒரு போன் பண்ணிடுங்க மாமா!"

"பண்றேன்பா. மீதி ரெண்டு எங்க?"

"எந்த ரெண்டு?"

"மீதி ரெண்டு வெப்சைட்டு."

நான் சிரிச்சேன். அவர் சிரிக்கலை.

"இன்னா பாப்பா முழிக்கற? ஒரு பாவு ஏத்தினா மூணு சேலை வரும். நீளமா இழுத்துக் கட்டறோமே அந்த நூலுதான் பாவு. அதைத் தறியில ஏத்தறதுதான் பெரிய வேலை. ஏத்திட்டா மூணு சேலைக்கும் அதே பாவு. குறுக்க ஓடற ஊடை நூலை மட்டும் கலரு மாத்திக்க வேண்டியதுதான். நீதானே அன்னைக்கு சொன்ன?"

"நான் என்ன சொன்னேன்?"

மாமா என்னை மாதிரியே கையை ஆட்டிக் காட்டினார். "'டிசைன் ஏத்தறதுதான் மாமா கஷ்டம். ஏத்தி வச்சுட்டா அப்புறம் சும்மா எழுத்தை மாத்திக்கலாம்'னு. சொன்னியா, இல்லியா?"

சொன்னேன் மக்களே. பந்தாவா சொன்னேன். ஊரையே மிமிக்ரி பண்ற என்னை ஒருத்தர் மிமிக்ரி பண்ணி மடக்கிட்டார்.

நிபந்தனையில "ஒரே ஒரு வெப்சைட்"னு எழுதாதது என் தப்புதான். ஆனா எவளுக்குத் தோணும்? "ஒரு தலைக்கு ஒரு ஹேர்கட்"னு எந்த சலூன்லயாவது போர்டு வச்சிருக்கானா?

அதுக்குள்ள மாமா உள்ள பார்த்துக் குரல் குடுத்தார். "சரோஜா! முருகேசா! வாங்க, உங்களுது தறியில ஏறப் போவுது!"

சரோஜா அத்தை மாமாவோட சம்சாரம். வடகம் போட்டு விக்கறாங்க. முருகேசன் அண்ணன் அத்தையோட தம்பி. குட்டியானைன்னு சொல்வாங்களே, அந்தச் சின்ன லோடு வண்டி வச்சு சரக்கு ஏத்தறார். ரெண்டு பேரும் குளிச்சு, தலைவாரி, போட்டோவுக்கு நிக்கற மாதிரி வந்து உக்காந்தாங்க. அத்தை கையில ஒரு தட்டு வடகம் வேற.

அந்த முகங்களைப் பார்த்து "கிடையாது"ன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அதோட சனிக்கிழமை வேற கண்ணுக்கு முன்னாடி நின்னுச்சு. எழுத்து மாத்தறதுதானே, அஞ்சு நிமிஷ வேலைன்னு உக்காந்துட்டேன்.

சேலை வெப்சைட்டை ரெண்டு நகல் எடுத்தேன். ஒண்ணுல "சேலை"ன்னு வர்ற இடமெல்லாம் "வண்டி". இன்னொண்ணுல "வடகம்". ஒரே அமுக்கு. மொத்தமா மாறிடுச்சு! படிச்சுப் பார்க்கணும்னு யாருக்காவது தோணுமா? எனக்குத் தோணலை. லேப்டாப்பைத் திருப்பி முருகேசன் அண்ணன் முன்னாடி வச்சேன்.

அவர் சத்தமாப் படிச்சார்.

"'மணமகள் உடுத்தினால் ஊரே திரும்பிப் பார்க்கும் வண்டி.'"

கொஞ்சம் யோசிச்சார். "சரி, இருக்கட்டும்." மேல படிச்சார். "'எங்கள் வண்டியைத் தண்ணீரில் நனைக்காதீர்கள். வெள்ளைத் துணியில் சுற்றி பீரோவில் வைக்கவும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வண்டியைப் பிரித்து, மடிப்பை மாற்றி மடிக்கவும்.'"

தலையைத் தூக்கினார். "பாப்பா, போன தீவாளிக்கு லாரிக்காரன் ஒருத்தன் மடிச்சான். ஒரு தடவைதான் மடிச்சான். இன்னும் லோன் கட்டிக்கினு இருக்கேன்."

அத்தை லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாங்க. "என்னுது காட்டுடி. 'அம்மா கட்டினார், மகள் கட்டுகிறாள், பேத்தியும் கட்டுவாள். அதே வடகம்!'" தட்டைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. "ஏன்டி, எண்ணெயில போட்டுத் தின்னவே மாட்டாங்களா?"

"மாத்திடறேன் அத்தை, இதோ மாத்திடறேன்!"

என் கை லேப்டாப்புக்குப் போறதுக்குள்ள முருகேசன் அண்ணன் விரல் போயிடுச்சு. "இதென்ன, வரவேற்பு பட்டன்?"

ஐயோ.

அந்தப் பட்டனை அமுக்கினா மாமா குரல்ல வரவேற்பு வரணும்னு ஏற்பாடு. அவர் பேசிக் குடுக்கற வரைக்கும் சும்மா இருக்கட்டும்னு நானே அவர் குரல்ல பேசி வச்சிருந்தேன். அதை எடுக்க மறந்துட்டேன்.

லேப்டாப் மூக்கால ஒரு மூச்சு விட்டுச்சு.

"ஹ்ம்ம்ம். வாங்கபா, வாங்க! செருப்பை வெளிய உட்டுட்டு வாங்க. வெலையைக் கேட்டா மயக்கம் வரும், மொதல்ல மோரைக் குடிச்சுருங்க. கோபாலு, மோரு கொண்டாபா! பாத்துட்டு வாங்காம போனாலும் நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். ஹ்ம்ம்ம். தறிதான் அழுவும்."

உள்ள தறி நின்னுடுச்சு.

எனக்குக் காது மடல் வரைக்கும் சுட்டுச்சு. லேப்டாப் போச்சு, முதல் கிளையண்ட் போச்சு, அப்பாகிட்டப் புகாரும் போகப் போவுது!

மாமா மெதுவாக் கேட்டார். "இதை நான் எப்ப பேசினேன்?"

அத்தை வாயை முந்தானையால மூடிக்கினாங்க. தோள் மட்டும் குலுங்குது.

அப்பதான் உள்ளேருந்து கோபால் அண்ணன் வந்தார். மாமா வீட்டுத் தறியில நெய்யறவர். கையில ஒரு சொம்பு மோர். "கூப்ட்டீங்களே மொதலாளி? யாருக்கு மயக்கம்?"

அத்தை தரையில உக்காந்து சிரிச்சாங்க. முருகேசன் அண்ணன் சுவத்தைப் பிடிச்சுக்கினு சிரிச்சார். மாமா மட்டும் சிரிக்கலை. "இன்னொரு தடவை போடு"ன்னார். போட்டேன். தலையைச் சாய்ச்சுக் கேட்டார்.

"ஹ்ம்ம்ம். நான் மூக்காலயா பேசறேன்?"

"இல்லவே இல்லைங்க"ன்னு அத்தை மூக்கால சொன்னாங்க.

மாமா வாய் ஓரம் லேசா விரிஞ்சுச்சு. "கோபாலையே ஏமாத்திட்டியே! இருக்கட்டும், எடுக்காதே. 'தறிதான் அழுவும்' நல்லாருக்குது. சரி, அந்த ரெண்டையும் ஒழுங்கா எழுதிக் குடுத்துடு பாப்பா. ஒரு பாவு, மூணு உருப்படி, ஒரே கூலி. பேசினது பேசினதுதான்."

மோர்ச் சொம்பு ரெண்டடி முன்னாடி வந்துச்சு.

"மூணுக்கும் ஒரே கூலியா மொதலாளி?" கோபால் அண்ணன் முகம் வெளுத்துப் போச்சு. "எப்பலேருந்து? யாருமே சொல்லலையே!"

"டேய், உன்னைச் சொல்லலைடா!"

"பாவு ஒண்ணுதான், ஆனா நெய்யறது மூணு சேலை இல்லீங்களா? சேலைக்குச் சேலை கூலின்னுதானே வாங்கிக்கினு இருக்கேன்? வீட்ல நான் இன்னான்னு சொல்லுவேன்?"

"உனக்கு இல்லப்பா! இந்தப் பாப்பாவுக்கு!"

கோபால் அண்ணன் என்னைப் பாவமாப் பார்த்தார். சொம்பை என் கையில குடுத்தார். "நீயே குடிமா. மயக்கம் உனக்குத்தான்."

நான் குடிச்சுட்டு, மாமா பக்கம் திரும்பி, அவர் குரல்லயே கேட்டேன். "ஹ்ம்ம்ம். இன்னாபா, இப்ப சொல்லு."

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை விட்டத்தைப் பார்த்தாங்க. முருகேசன் அண்ணன் ஒரு வடகத்தை வாயில போட்டுக் கடிச்சார். அந்தச் சத்தம் தீர்ப்பு மாதிரி கேட்டுச்சு.

"சரிபா, சரிபா! பாவு ஏத்தற கூலி ஒரு தடவை. நெய்யற கூலி மூணு தடவை. நியாயமா?"

நியாயம்! இணையம் பூராத் தேடிப் படிச்சு நான் எழுதின நிபந்தனையை விட இது நல்லா இருந்துச்சு. துள்ளிக் குதிச்சேன். அங்கேயே உக்காந்து வண்டியை பீரோவிலேருந்து இறக்கினேன். வடகத்தை எண்ணெயில போட்டேன். மூணு பேருக்கும் திருப்தி.

மாமா தானா போனை எடுத்தார். ஸ்பீக்கர்ல போட்டார்.

"ஹ்ம்ம்ம். அம்மாடி, நான் ஏகாம்பரம் பேசறேன். பிள்ளையார்பாளையம். உன் தங்கச்சி ரொம்ப உருப்படியா..."

"ஏய்! வைடி போனை!"

மாமா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சார்.

"எனக்குத் தெரியாதா யாமினி? போன மாசம் எங்க டீம் லீடர் குரல்ல பேசி ஞாயித்துக்கிழமை என்னை ஆபீஸ் வாசல்ல நிக்க வச்சவதானே நீ? அதுவும் இதென்ன, மூக்கால? உலகத்துல ஒரு மனுஷன் இப்படிப் பேசுவானா? ஓவர் பண்ணிட்ட!"

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அத்தை போனை வாங்கினாங்க. "அம்மா, நான் அவர் சம்சாரம் சரோஜா..."

"அடடே, ஜோடியாவே தயார் பண்ணிட்டியா!"

முருகேசன் அண்ணன் வாங்கினார். "மேடம், நான் குட்டியானை..."

"யானை வேற பேசுதா?"

கடைசியா கோபால் அண்ணன்கிட்டப் போச்சு. அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள அக்கா, "சனிக்கிழமை வரைக்கும் எல்லாம் வேணாம். நாளைக்கே லேப்டாப்பை எடுத்துக்கறேன்"னு கட் பண்ணிட்டா.

என் வாழ்க்கையில முதல் தடவையா நான் வாயே திறக்கலை. இன்னைக்குப் பார்த்து மூணு பேர் பேசினதுக்கும் நான் திட்டு வாங்கினேன்.

அப்புறம் வீடியோ கால்தான் வழின்னு ஆச்சு. சின்னத் திரையில நாலு தலையும் முட்டிக்கினு நின்னுச்சு. ஓரத்துல மோர்ச் சொம்பு. மாமா ஒரே ஒரு "ஹ்ம்ம்ம்" விட்டார். அந்தப் பக்கம் அக்கா அவசரமா எழுந்து நின்னா.

"...வணக்கம் அங்கிள்"னா அக்கா. "மூக்கு... சளி பிடிச்சிருக்குதா அங்கிள்?"

லேப்டாப் இப்ப என்னோடது மக்களே. புது கிளையண்ட் யாராவது வந்தா, அட்வான்ஸுக்கு முன்னாடி, அக்காகிட்டக் காட்ட ஆதார் கேக்கறதா இருக்கேன்.