தட்டம்மைக்குத் தனி ஜன்னல்

அன்பும் மரியாதையும் நிறைந்த சைனபி இத்தாவுக்கு, தங்கை ரஹ்மத்பி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மா, வாப்பா, ஆடுகள் மூன்று, எல்லாரும் நலம். அங்கே மச்சானும் ஆறு மாதக் குட்டி நஜ்வாவும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

கோழிக்கோட்டில் தட்டம்மை பரவுகிறது, நஜ்வாவுக்கு ஒன்பது மாதம் ஆனால்தான் ஊசி, அதுவரை தீவுக்கு வந்து இருக்கலாமா, நம் ஆஸ்பத்திரி தயாரா, போனில் கேட்டால் உம்மா அழுகிறாள், நீ எழுத்தில் கொடு என்று கேட்டிருந்தீர்கள். பள்ளிச் சுகாதார மன்றச் செயலாளர் என்ற முறையில் பொறுப்புடன் சொல்கிறேன்: தயார். வாருங்கள்.

மேலிடத்திலிருந்து வந்த பதினெட்டுப் பக்கச் சுற்றறிக்கையை டாக்டர் ஜோஜி என்னிடம் கொடுத்து, பெரிய தாளில் அழகாக எழுதித் தரச் சொன்னார். மூன்று முறை படித்தேன். சந்தேகம் உள்ளவர் வருமுன் போன் செய்ய வேண்டும், வந்ததும் முகக்கவசம் போட வேண்டும், மற்றவர்களோடு உட்காராமல் தனி வாசல் வழியாகத் தனி அறைக்குப் போக வேண்டும், அவர் போன பிறகும் கிருமி காற்றில் நிற்பதால் இரண்டு மணி நேரம் அந்த அறைக்குள் யாரையும் விடக்கூடாது. ஊழியர்கள் ஊசி போட்ட அட்டையையும் காட்ட வேண்டும். டாக்டரிடம் அட்டை இல்லாததால் அன்னம்மா சிஸ்டர் அவருக்கே போட்டார். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். இனி தனி வாசல்தான் பாக்கி. நம் ஆஸ்பத்திரிக்கு ஒரே வாசல் என்பது உங்களுக்குத் தெரியும். மேற்கு ஜன்னலைக் காட்டியது நான்தான். கம்பிகளைக் கழற்றிப் படகு ஏணியைக் கட்டினார்கள்.

போன வாரம் திங்களன்று ஒத்திகை. நோயாளியாக நடிக்க முத்துக்கோயா மாமா முன்வந்தார். ஐந்தாம் பக்கத்தில் சொல்லியபடி நெற்றியில் தொடங்கி நாற்பத்திரண்டு சிவப்பு மைப் புள்ளிகள் வைத்துவிட்டேன். ஏணியில் ஏறி ஜன்னலில் நுழைந்தவர், இடுப்பு சிக்கி அப்படியே நின்றுவிட்டார்.

"மூச்சை இழுங்க" என்றார் சிஸ்டர்.

"இழுத்துத்தான் இருக்கேன். விட்டா செவுரு பேந்துரும்."

அவர் மனைவி குஞ்ஞிபி மாமி வெளியே நின்று, "இந்தப் பாதியை நான் பாத்துக்கறேன் டாக்டர், அந்தப் பாதி உங்க பொறுப்பு" என்றார்.

பாதி நோயாளி வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்தை எப்போது எண்ணத் தொடங்குவது என்று நான் கேட்டேன். "ரஹ்மத்பி, நீ கொஞ்சம் கடல் பக்கம் போயிட்டு வாயேன்" என்றார் டாக்டர்.

அவரை வழுக்கி எடுக்கத் தேங்காய் எண்ணெய் வருவதற்குள் டாக்டர் உள்ளே இருந்த பாதிக்கு ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரையும் கொடுத்துவிட்டார். காத்திருக்காமலே மாத்திரை கிடைத்ததை ஊரே பார்த்தது. மறுநாள் வாசலில் நான்கு பேர், ஜன்னலில் இருபத்தாறு பேர். பெயர் எழுதியது நான். முழங்கால் வலிக்காரர்கள் எல்லாருக்கும் தட்டம்மை. "தடிப்பு எங்கே?" என்று சிஸ்டர் கேட்டால், "காலையில இருந்துச்சு சிஸ்டர், உங்களைக் கண்டதும் பயந்து உள்ள போயிருச்சு" என்றார் ஒருவர். ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரம் அறையை மூடியதால் அன்று டாக்டர் பார்த்தது மூன்றே பேரை. கப்பல் சமையல்காரர் ஒருவர், கண் சிவந்து இருமிக்கொண்டே, தனக்கு உண்மையிலேயே காய்ச்சல் என்றார். "இங்க எல்லாருக்கும் உண்மைதான், பின்னால நில்லு" என்று அனுப்பிவிட்டார்கள். பாவம், என் பேனாவை வாங்கித் தன் பெயரைத் தானே எழுதினார். கப்பல் ஊதியதும் போய்விட்டார்.

மூன்றாம் நாள் டாக்டர் மாற்றிவிட்டார்: ஜன்னல் ஊருக்கு, வாசல் தட்டம்மைக்கு. அன்றிலிருந்து வாசல் பக்கம் ஈ, காக்கை இல்லை. இதைவிடத் தயாரான ஆஸ்பத்திரி எங்கே கிடைக்கும்? அடுத்த கப்பலிலேயே வாருங்கள். மச்சானுக்கு என் சலாம். நஜ்வாவுக்கு ஆயிரம் முத்தம். அல்லாஹ் உங்கள் மூவரையும் காப்பானாக.

வியாழக்கிழமை
இப்படிக்கு,
ரஹ்மத்பி

பின்குறிப்பு: இன்று ஞாயிறு. வராதீர்கள். உம்மா போன் செய்திருப்பாள், அழுகைதான் கேட்டிருக்கும். விஷயம் இதுதான்: வெள்ளியிலிருந்து எனக்குக் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு. விதிப்படி முதலில் போன் செய்தேன். "ஒத்திகை முடிஞ்சு போச்சும்மா" என்று சிஸ்டர் வைத்துவிட்டார். மறுபடி செய்தேன். அந்த வாசல் வழியாகப் போன முதல் ஆள் நான்தான். டாக்டர் என் வாய்க்குள் விளக்கடித்தார். கன்னத்தின் உள்பக்கம் உப்புப் பரல் மாதிரி வெள்ளைப் புள்ளிகள். "ஏழாம் பக்கம்" என்றேன். அட்டையைக் கேட்டார். இரண்டாவது ஊசிக்கான கட்டம் காலி. அந்த ஊசி போட வந்த அன்று படகுக்கு அடியில் ஒளிந்திருந்த என்மேல் பாயை இழுத்து மூடியவர் யார் என்பதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. இருபத்தாறு பேரில் ஒருவர் மட்டும், என் பேனாவை வாங்கியவர், பொய் சொல்லவில்லை, இத்தா. என்னோடு இருந்தவர்களுக்கு இப்போது ஜன்னலில் ஊசி போடுகிறார்கள். இன்று யாருக்கும் ஒரு தடிப்பும் இல்லையாம், என்னைப் பார்த்ததே இல்லையாம். கடிதத்தைத் தொட்டுவிட்டோமே என்று பயப்படாதீர்கள். கிருமிக்கு இரண்டு மணி நேரம்தான், கப்பல் அதைவிட மெதுவாகத்தான் வரும். இருந்தாலும் மேலே எழுதிய ஆயிரம் முத்தத்தை, ஒன்பதாம் மாத ஊசி போட்ட பிறகு நஜ்வாவுக்குக் கொடுங்கள்.