பழுதில்லை என்று ஒரு தாள்

நான் எட்டாவதோடு நின்றவள். இதை முன்பின்னாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. தப்பாகச் சொன்னால் வேலை போகும். சரியாகச் சொன்னாலும் போகும் போலிருக்கிறது.

கீழப்பழுவூர் பக்கம் எங்கள் ஊர். குடிதண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுவது என் வேலை. போன வருஷம் மோட்டார் அறையில் தானியங்கிப் பெட்டி ஒன்று வைத்தார்கள். தொட்டி நிறைந்தால் நிறுத்து, குறைந்தால் ஓட்டு என்று முன்கூட்டியே சொல்லிவைத்த சர்க்யூட் போர்டு அதற்குள் இருக்கிறது. இனி மனிதத் தவறுக்கு இடமில்லை என்று திறப்பு விழாவில் பேசினார்கள். மனிதத் தவறு என்றால் நான்தான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அந்தப் போர்டு திடீரென்று மோட்டாரை நிறுத்திவிடும். கொஞ்ச நேரம் கழித்து அதுபாட்டுக்கு ஓடும். தெருக்குழாயில் காலிக் குடத்தோடு நின்ற பரிமளா, "முன்ன மோட்டார் சும்மா நிக்கும். இப்ப அறிவோட நிக்குது" என்றாள்.

ஒரு வாரம் பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். சிமெண்டு ஆலைக்குக் கல் ஏற்றிய லாரி போகும்போதெல்லாம் அறை குலுங்கும். போர்டில் பச்சை விளக்கு அணையும். ஓரத்தில் விரலால் அழுத்தினால் எரியும். பெரம்பலூரிலிருந்து வந்த மெக்கானிக் பிரேம்குமாரிடம் சொன்னேன். உள்ளே எங்கோ பற்றவைத்த இடம் விட்டிருக்கும், குலுக்கலில் விலகுகிறது என்று ஒத்துக்கொண்டார். ஆனால் ஆய்வு நேரத்தில் அதிகாரி கண்ணெதிரே பழுது நிகழ்ந்தால்தான் வேறு போர்டு தருவார்களாம்.

அதிகாரி அறிவரசன் சார் வந்தார். அவர் ஜீப்புக்கு இடைஞ்சல் கூடாதென்று ஊருக்கு வெளியிலேயே இரண்டு பக்கமும் லாரிகளை நிறுத்திவிட்டார்கள். பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது.

"ஒரே ஒரு லாரிய விடச் சொல்லுங்க சார், காட்டிடறேன்" என்றேன்.

"லாரி நம்ம துறை இல்லம்மா" என்றார்.

பத்து நாளில் முத்திரை போட்டுத் தடித்த தாளில் சான்றிதழ் வந்தது. இயந்திரம் பழுதற்றது. பழுது இயக்குபவர் முன்னிலையில் மட்டுமே நிகழ்வதாகத் தெரியவருவதால், மீண்டும் நிகழின் இயக்குபவரை அகற்றிப் பரிசோதிக்கலாம். போர்டை எவரும் கையால் தொடலாகாது. இச்சான்றிதழை எந்நேரமும் போர்டுக்கு மிக அருகில் வைத்திருத்தல் வேண்டும்.

அன்று சாயங்காலமே லாரி போனது, விளக்கு அணைந்தது. தண்ணீர் நின்றாலும் வேலை போகும், விரல் வைத்தாலும் போகும். தாளை இரண்டு தடவை படித்தேன். மெயினை அணைத்துவிட்டு, சான்றிதழை நாலாக மடித்து, நான் விரல் வைக்கும் ஓரத்தில் போர்டுக்கும் பெட்டிக்கும் நடுவே இறுக்கமாகச் செருகினேன். கை படவில்லை. இதைவிட அருகில் வைக்க யாராலும் முடியாது. மெயினைப் போட்டேன். அடுத்தடுத்து ஆறு லாரி போயின. விளக்கு இமைக்கவில்லை.

மூன்று மாதம் தண்ணீர் நிற்கவே இல்லை. சார் கைராசி என்று ஊரே பேசியது. அவரை வரவழைத்துச் சால்வை போர்த்தினார்கள், சால்வைத் தட்டை நீட்டியது நான்.

"சான்றிதழ் குடுத்ததும் சரியாயிடுச்சு, பாத்தீங்களா? எங்க வச்சிருக்கீங்க?"

"போர்டு பக்கத்துலயே இருக்குங்க சார்."

எல்லா ஊர்த் தொட்டிக்கும் சான்றிதழ் வழங்க உத்தரவானது. பக்கத்து ஊர் ஆப்பரேட்டர் செல்லக்கண்ணு ஒருநாள் வந்து, "கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியும் நிக்குதேக்கா" என்றார். நிஜத்தைச் சொல்லப் பயம். "இன்னும் கொஞ்சம் கிட்டக்க வைங்க தம்பி" என்றேன்.

நேற்று கல் லாரி போனபோது விளக்கு ஒரு தடவை சிமிட்டியது. குலுங்கிக் குலுங்கித் தாள் நைந்துவிட்டது. பழுதில்லை என்று இன்னொரு தாள் உடனே வேண்டும். ஒரு தடவை வாங்கியவர்களுக்கு, புகார் கொடுத்தால்தான் மறுபடி தருகிறார்கள். இன்று காலை ஆபீசுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பழுது வந்தது என்று எழுதவில்லை, எழுதினால் முதலில் என்னைத்தான் அகற்றுவார்கள். வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, ஐயா நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றுதான் எழுதினேன். கீழே, போன தடவை மாதிரியே தடித்த தாளாக இருந்தால் நல்லது என்றும் ஒரு வரி சேர்த்தேன்.