ஏழு போஸ்டரையும் பிழையில்லாமல் வாசித்த குற்றம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நான் நலம், உங்கள் அத்தை நலம், பென்சில் மட்டும் பாதியாகிவிட்டது. அங்கே நீங்களும் என் மகளும் நலம்தானே என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும் என்று நூலகத்து மாலை வகுப்பு டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கேட்டுவிட்டேன். நீங்கள் நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். காரணம் யார் என்பதும் தெரியும். இருந்தாலும் கேட்டதைக் கேட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இது என் வாழ்க்கையில் நான் எழுதும் முதல் கடிதம். சந்தோஷமான சங்கதியாக எழுத ஆசைப்பட்டேன், மன்னிப்புக் கடிதமாகப் போய்விட்டது. ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது: எழுதுவது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. 'மன்னிப்பு' என்ற சொல்லுக்கு மேலே இரண்டு புள்ளி வைக்க வேண்டியிருந்தது. இரண்டையும் ரசித்துத்தான் வைத்தேன்.

பதினொரு நாளாக நீங்கள் என்னோடு பேசவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை விழா நடத்தும் கிடங்கின் சாவியை அதன் முதலாளியிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறீர்கள், ஒன்பது வருஷமாக நடத்திய இசை விழா இதோடு சரி என்று மகள் சொன்னாள். சொல்லிவிட்டு "எல்லாம் உங்களாலதான்ப்பா" என்றாள். கொஞ்சம் பொறுத்து "உங்களால மட்டும் இல்ல" என்றாள். அந்தக் கொஞ்சம் பொறுத்த நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் முடியவில்லை. உங்கள் அத்தை பின்னால் வந்து நின்று "வரி சாயுது" என்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் பெயின்டர் பெண்டாட்டி, மட்டம் தெரியும். இங்கே டைம்கீப்பர், பழவண்டிக்காரம்மா, குடை ரிப்பேர்காரர் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள், எனக்கும் தொந்தரவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினால் பிழை வராது என்று டீச்சர் சொல்லியிருக்கிறார், அப்படியே செய்கிறேன். இதுவரை எழுதியதற்கு ஆறு பஸ் ஆகியிருக்கிறது.

நடந்ததை நடந்தபடி ஒப்புக்கொள்கிறேன். விழாவுக்கு ஐந்து நாள் முன்னால் நீங்கள் என் கையில் ஒரு கட்டு நோட்டீசைக் கொடுத்து, "மாமா, நீங்க இப்ப படிச்ச ஆளு. பஸ் ஸ்டாப்ல நின்னு நாலு பேருக்கு நம்ம விழாவைப் பத்தி எடுத்துச் சொல்லுங்க" என்றீர்கள். நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றேன். இந்த பெஞ்சுக்குப் பின்னாலிருக்கும் நீளச் சுவர் எனக்குப் பழகிய சுவர். ஐம்பது வருஷத்தில் எத்தனை தடவை வெள்ளையடித்திருப்பேன், அதில் என்னென்ன எழுதியிருந்தது என்று தெரியாமலே எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போனவன் நான். அன்றைக்கு அதே சுவரில் வரிசையாக ஏழு போஸ்டர். வங்கி நடத்தும் இசை விழா, சிமென்ட் கம்பெனி நடத்துவது, ஃபர்னிச்சர் கடை நடத்துவது, புது ஷாப்பிங் காம்ப்ளக்ஸ் நடத்துவது, சண்டை போட்டுப் பிரிந்த இசைச் சங்கத்தின் இரண்டு பாதிகளும் ஆளுக்கொன்றாக நடத்துவது, கடைசியில் நம்முடையது. ஏழும் அதே விடுமுறை வாரத்தில்.

ஒரு அம்மா வந்து, "பெரியவரே, கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன், இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். மாப்பிள்ளை, அறுபத்தொன்பது வயசு வரைக்கும் இந்தக் கேள்வியை நான்தான் ஊரில் எல்லாரிடமும் கேட்டிருக்கிறேன். என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. முதல் தடவையாக ஒருத்தர் கேட்கும்போது நம்முடையதை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. ஏழையும் வாசித்தேன். கீழே பொடி எழுத்தில் இருந்ததைக்கூட விடவில்லை. "குளிர்சாதன அரங்கம், வாகனம் நிறுத்த இடம் இலவசம்" என்று ஷாப்பிங் காம்ப்ளக்சுக்காரனுடையதை வாசித்தபோது என் குரல் எனக்கே கணீரென்று இருந்தது.

அந்த அம்மா கேட்டார்: "ஏழுலயும் ஒரே ஆளு பேரே வருதே?"

"ஆமாம்மா. கைக்குட்டைப் பாடகர். அவர்தான் ஏழுலயும் பாடுறாரு." முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பாடுவாரே, அவரைத்தான் சொன்னேன்.

"வயலினு?"

"அதுவும் ஒரே ஆளுதாம்மா."

"அப்படின்னா எதுக்குய்யா யோசனை? ஏசி இருக்கிற இடத்துக்கே போயிடறேன்" என்று சொல்லிவிட்டு, எனக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் இன்னொருவர், அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம். ஐந்து நாளும் வாசித்தேன். ஒரு எழுத்து பிழையில்லை. ஒரு தெருவில் ஏழு வீட்டுக்கும் ஒரே வெள்ளையை அடித்துவிட்டால் எது யார் வீடென்று தபால்காரருக்கே தெரியாது, நிழல் இருக்கிற வாசலில்தான் நிற்பார். அப்படி நம்மிடம் வந்திருக்க வேண்டியவர்களையெல்லாம் நானே கையைப் பிடித்து நிழலுக்கு அனுப்பிவைத்தேன். (பழக்காரம்மா "அடப்பாவமே" என்கிறார். பழம் ஏதாவது அழுகியிருக்கும்.)

முதல் நாள் நம் கிடங்கில் பத்தொன்பது பேர். அதில் நாலு பேர் நாம். கைக்குட்டைப் பாடகர் சங்கத்தின் முதல் பாதியிலிருந்து ஓடிவந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, அங்கே பாடிய அதே மூன்று பாட்டைப் பாடிவிட்டு, சங்கத்தின் இரண்டாம் பாதிக்கு ஓடினார். கைக்குட்டையை மறந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வயலின்காரர் தனியாக ஆரம்பித்தபோதுதான் எதிர் மைதானத்தில் ஃபர்னிச்சர் கடைக்காரன் விழா தொடங்கியது. நம் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் "யாருடா இவன் இப்படி அலறவிடறான்" என்று உங்களைப் பார்த்தேன். நீங்கள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "நம்ம கடை ஸ்பீக்கர் பெட்டிதான் மாமா. போன மாசம் நான் ரிப்பேர் பண்ணினது" என்றீர்கள். அதோடு விட்டிருக்கலாம். "அடித்தொண்டை சுத்தமா இருக்குல்ல?" என்று வேறு கேட்டீர்கள். வருத்தத்திலும் தொழில் விடவில்லை. வருஷம் பூராவும் ஊருக்கெல்லாம் ஒலிபெருக்கி மாட்டுகிற மனுஷன், மூன்றே நாள் வயரும் மைக்கும் இல்லாமல் பாட்டுக் கேட்க வேண்டும் என்று ஒரு விழா வைத்தீர்கள். அதில் இரண்டு நாள் உங்கள் பெட்டியே உங்களை எதிர்த்து அலறியது. வயலின்காரர் கொஞ்ச நேரம் போராடிப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கத்துத் தாளத்துக்கே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். பாவம், அவர் என்ன செய்வார்.

"மாமா, போய் கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிட்டு வாங்க" என்று என்னை அனுப்பினீர்கள். போனேன். குறைக்கச் சொல்லத்தான் போனேன். அங்கே மேடைக்குப் பக்கத்தில் வீடு உயரத்துக்கு ஒரு திரை, அதில் பாட்டின் வரிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பாடுகிறவர் வாயிலிருந்து வரும் சொல் அதே நேரத்தில் எழுத்தாகவும் வருகிறது. இது நாள் வரை காதால் மட்டும் தெரிந்த பாட்டை அன்றைக்குக் கண்ணாலும் பார்த்தேன். ஒரு வரி மட்டும் வாசித்துவிட்டுச் சொல்லலாம் என்று நின்றேன். பிறகு உட்கார இடம் கொடுத்தார்கள். மெத்தை வைத்த நாற்காலி. ஒரு பாட்டு முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள், நானும் வரிகளுக்காகத் தட்டினேன். திரும்பி வந்து வாசலில் நின்றுகொண்டேன். சத்தம் குறையவே இல்லை.

அதற்கடுத்த நாள் காலையில் உங்கள் வீட்டுக்கு வந்து, மகள் முன்னால் பேப்பரை விரித்து, "மகளே, கேளு" என்று சத்தமாக வாசித்தேனே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. "ஃபர்னிச்சர் கடை இசை விழாவில் மெய்மறந்து கைதட்டும் மூத்த ரசிகர்" என்று திக்காமல் வாசித்தேன். 'மெய்மறந்து' ஒரே மூச்சில் வந்தது. உங்கள் முகம் மாறியது. மகள் என் கையிலிருந்த பேப்பரைத் தொட்டு, "அப்பா, மேல படத்தைப் பாருங்க" என்றாள். படத்தில் நான். முன்பெல்லாம் பேப்பர் எடுத்தால் படம் மட்டும்தான் பார்ப்பேன். படிக்கக் கற்றுக்கொண்டதிலிருந்து எழுத்தை மட்டும்தான் பார்க்கிறேன். நீங்கள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனீர்கள். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. (டைம்கீப்பர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். டிரைவர் ஏதோ ஜோக் அடித்திருப்பார்.)

மூன்றாம் நாளைப் பற்றியும் சொல்லவேண்டும். அன்றைக்கு நீங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள், நான் உங்கள் கண்ணில் படாமல் பின் சுவரோரம் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் ஏழு பேர். ஃபர்னிச்சர் கடைக்காரன் விழா இரண்டு நாளோடு முடிந்துவிட்டதால் எதிர்ப்பக்கம் சத்தமில்லை. வேறெந்த போஸ்டரிலும் பெயர் இல்லாத அந்த மெலிந்த பெண் வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, பாட ஆரம்பித்தாள். முதல் வருஷம் நான் அந்தக் கிடங்குக்கு வெள்ளையடித்தபோது நீங்கள் நடுவில் நின்று கையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, பின் சுவருக்கு இன்னும் ரெண்டு கோட் அடிங்க, சத்தம் உருண்டு வரும்" என்றீர்கள். சம்பந்தமில்லாமல் பேசுகிறார் மாப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டே அடித்தேன். எட்டு வருஷமும் வாசலில் நின்றே காலத்தை ஓட்டிவிட்டேன், உள்ளே உட்கார்ந்து கேட்டதில்லை. அன்றைக்கு அவள் குரல் எனக்கு முன்னாலிருந்து வரவில்லை. சுவரைத் தொட்டு, திரும்பி, என் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவள் மூச்சு விட்டதுகூடக் கேட்டது. நான் அடித்த சுவர் பாடுகிறது என்று எனக்கு ஒன்பதாவது வருஷம்தான் தெரிந்தது. ஐந்து நாள் பஸ் நிறுத்தத்தில் தொண்டை வறள வாசித்தேனே, இதை ஒருத்தருக்கும் வாசித்துக் காட்டவில்லை. எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

எல்லாரும் போனபிறகு நீங்கள் நாற்காலிகளை மடக்கி அடுக்கினீர்கள். கடைசி நாற்காலியை மடக்காமல் அதில் உட்கார்ந்து, பெட்டி துடைக்கும் மஞ்சள் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். தூணுக்குப் பின்னால் நான் இருந்தது உங்களுக்குத் தெரியாது. வந்து தோளில் கை வைத்திருக்கலாம். பேப்பர்ப் படம் நினைவுக்கு வந்தது, எழுந்திருக்காமல் இருந்துவிட்டேன். நீங்கள் அழுததை மகளிடம்கூட நான் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைத் தாண்டி அது போகாது, சத்தியம். (இப்போது இங்கே ஏனோ எல்லாரும் அமைதியாக இருக்கிறார்கள். பஸ் வரத் தாமதம் போலிருக்கிறது.)

ஆகையால் என் முடிவு இது. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏழு விழா நடக்கிற ஊரில் ஒரு நல்ல காதுக்காரர் தனியாக மல்லுக்கு நிற்க முடியாது. அதிலும் சொந்த மாமனாரே எதிர்க்கட்சிக்கு ஆள் பிடிக்கும்போது முடியவே முடியாது. நானும் இனிமேல் பொது இடத்தில் எதையும் சத்தமாக வாசிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நீங்கள் என்னிடம் பேசினால் போதும். "வாங்க மாமா" என்று சொன்னால் போதும். 'மாமா' இல்லாமல் "வாங்க" என்று மட்டும் சொன்னாலும் போதும்.

உங்கள் கடையில் கருகிய வயரெல்லாம் சரியாகட்டும். என் மகள் உங்களோடு சண்டை போடும் நாட்களைவிடச் சிரிக்கும் நாட்கள் ஒன்றாவது கூடுதலாக இருக்கட்டும். இரண்டு பேரும் நெடுநாள் நல்ல காதோடு இருங்கள். அத்தையும் இதையே சொல்லச் சொன்னாள், வேறு மாதிரி சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
(இது கையெழுத்து. கைநாட்டு இல்லை.)

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று சாயங்காலம் முடித்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தால், டைம்கீப்பர் கூப்பிட்டு, "பெரியவரே, சாவியை என்ன பண்ணச் சொல்லி முடிச்சீங்க? ஹாரன் சத்தத்துல அந்த இடம் மட்டும் காதுல விழல" என்றார். அப்போதுதான், மாப்பிள்ளை, எனக்கு உறைத்தது. மூன்று நாளாக நான் வாய்விட்டுத்தான் எழுதியிருக்கிறேன். நீங்கள் அழுதது உட்பட எல்லாம் இந்த பஸ் நிறுத்தத்துக்குத் தெரியும். பழக்காரம்மா உங்களுக்கென்று இரண்டு ஆரஞ்சு எடுத்து வைத்திருக்கிறார். என் சத்தியத்தை மன்னித்துவிடுங்கள்.

"திருப்பிக் கொடுக்கச் சொல்லிட்டாரு" என்று குடை ரிப்பேர்காரர் டைம்கீப்பருக்கு விளக்கினார். உடனே பழக்காரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "பெட்டி மைக்கு இல்லாம பாட்டா? இந்த ஊர்ல அப்படி ஒண்ணு இருந்துச்சா? காலையிலேர்ந்து ஹாரன் கேட்டுக் கேட்டு என் காது புண்ணாக் கிடக்கு. அஞ்சு நாளும் இங்கயே நின்னு எல்லாத்தையும் வாசிச்சீங்களே, இதை ஏன்யா வாசிக்கல?"

"போஸ்டர்ல போட்டிருக்கலம்மா" என்றேன். அவருக்கு நம்பிக்கையில்லை. பாதி கிழிந்து நம் போஸ்டர் இன்னும் சுவரில் இருக்கிறது, எழுந்துபோய் மறுபடி வாசித்தேன். பாடகர் பெயர், தேதி, இடம். கடைசி வரி: "எல்லா வகை ஒலிபெருக்கிகளும் நம்மிடம் வாடகைக்குக் கிடைக்கும்." அவ்வளவுதான். ஒன்பது வருஷமாக நமக்குத் தெரிந்தது ஊருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டீர்கள். படிக்கத் தெரியாத காலமாக இருந்தால் வாய்க்கு வந்ததைச் சொல்லியாவது நானும் நாலு பேரை இழுத்து வந்திருப்பேன். இந்தத் தடவை எழுதியிருந்ததை மட்டும் வாசித்தேன். இதையெல்லாம் கேட்டுவிட்டு அடுத்த விழாவுக்கு வருகிறேன் என்றவர்களில் எத்தனை பேர் நிஜமாக வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. பழக்காரம்மா வருவார்.

இன்றைக்குக் காலையில் பரணிலிருந்த வெள்ளையடிக்கும் மட்டையையும் சுண்ணாம்பு வாளியையும் எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். வெள்ளையடிக்காத வெளிச்சுவரில் கை எட்டிய உயரத்தில், முழம் முழமாக, "இங்கே ஒலிபெருக்கி கிடையாது" என்று எழுதிவிட்டேன். அத்தை வந்து பார்த்து, வரி சாயவில்லை என்றாள். ஆனால் முன்னால் லாரி வந்து நின்றால் மறைத்துவிடுகிறது. பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் பட வேண்டுமானால் இன்னும் ஒரு ஆள் உயரம் மேலே எழுத வேண்டும். ஏணி கிடங்குக்குள்ளே இருக்கிறது. சாவி உங்களிடம் இருக்கிறது.